லுதேசியா: பில் கட்டாத விருந்தாளிகள்

நம்ம ஊரில் ‘ஓட்டல்’ என்றால் முதலில் ஞாபகம் வருவது இட்லியும் காபியும்தான். தங்குவதற்கு என்றால் லாட்ஜ் என்போம், ‘ரூம் போட்டாச்சா’ என்று கேட்போம். தங்குமிடத்தைக் குறித்த ஒரு பிரெஞ்சுச் சொல் இங்கே வந்து சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘விருந்து’ என்ற நம்முடைய சொல்லுக்கும் இதேதான் நடந்தது. பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. அதிலிருந்து புதிதாக வந்தவர். இன்று விருந்து என்றால் வடை பாயசத்தோடு சாப்பாடு. ஆள் போய்விட்டார், இலை மட்டும் நிற்கிறது.

பிரெஞ்சு ‘ஒத்தெல்’ என்ற சொல்லின் பூர்வீகம் லத்தீன். விருந்தாளி, விருந்தளிப்பவர் இருவரையுமே குறித்த ‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லிலிருந்து ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஓட்டல் மூன்றும் வந்தன. அதனால்தான் பாரிசின் மிகப் பழைய மருத்துவமனைக்கு ‘ஒத்தெல் தியூ’ என்று பெயர். கடவுளின் விடுதி என்று பொருள். நகராட்சி மண்டபமும் ஒத்தெல்தான். போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் பதினான்காம் லூயி 1670இல் கட்டச் சொன்ன பெரிய கட்டடமும் ஒத்தெல்தான். இன்னொரு விஷயம்: லத்தீனில் எதிரியைக் குறிக்கும் ‘ஹோஸ்திஸ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அவர் விருந்தாளியாகவும் இருக்கலாம், எதிரியாகவும் இருக்கலாம்.

சொல்லாராய்ச்சியோடு ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சொல்லின் எல்லா அர்த்தங்களையும் ஒரே கட்டடத்துக்குள் பார்த்த ஓட்டல் ஒன்று பாரிசில் உண்டு. செய்ன் நதியின் இடது கரையில், புல்வார் ரஸ்பாய் சாலையில், கதவு எண் 45. பெயர் லுதேசியா.

கடை கட்டிய ஓட்டல்

பாரிசின் ஆடம்பர ஓட்டல்கள் பெரும்பாலும் வலது கரையில் இருப்பவை. ரிட்ஸ் 1898இல் வந்தது. அறைக்கு அறை குளியலறை, மின்விளக்கு என்று வசதியாகத் தங்குவதற்கே புது இலக்கணம் எழுதியது அது. இடது கரை என்றால் கல்லூரிகள், மடங்கள், புத்தகக் கடைகள். அங்கே பணக்கார விருந்தாளிகள் எதற்கு வருவார்கள்?

துணி வாங்க வருவார்கள். லுதேசியாவுக்கு எதிரேயே ‘போன் மார்ஷே’ என்ற பிரம்மாண்டமான கடை இருக்கிறது. நாம் இன்று டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று சொல்லும் சமாச்சாரத்துக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அரிஸ்தீத் பூசிகோ என்பவரும் அவர் மனைவி மார்கெரித்தும் வளர்த்தெடுத்த கடை. பேரம் கிடையாது, ஒரே விலை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதெல்லாம் அவர்கள் பிரபலப்படுத்திய வழக்கங்கள். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து நாலு நாள் ஷாப்பிங் செய்பவர்கள் நல்ல இடத்தில் தங்க வேண்டாமா? அதற்காகக் கடையின் நிர்வாகம் கட்டியதுதான் இந்த ஓட்டல். திறந்தது 1910 டிசம்பர். சில பயணக் குறிப்புகளில் மார்கெரித் பூசிகோ அம்மையாரே கட்டினார் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் 1887லேயே இறந்துவிட்டார். கட்டியது அவருக்குப் பின் கடையை நடத்தியவர்கள்.

லுதேசியா என்பது பாரிசுக்கு ரோமானியர் காலத்துப் பெயர். ஓட்டலின் சின்னம் ஒரு கப்பல். பாரிஸ் நகரத்தின் சின்னமும் அதுவே. அலைக்கழிந்தாலும் மூழ்காது என்பது நகரத்தின் லத்தீன் வாசகம். 1910 ஜனவரியில்தான் செய்ன் பெருக்கெடுத்துப் பாரிசின் தெருக்களில் படகு விட்டார்கள். அதே வருடக் கடைசியில் முகப்பில் கப்பலோடு ஒரு ஓட்டல் திறந்திருக்கிறது.

இன்று இந்த ஓட்டலைப் பற்றி எதைப் படித்தாலும் பிரபலங்களின் பட்டியல் ஒன்று வரும். பிக்காசோ, மத்தீஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ், ஜோசஃபின் பேக்கர். சார்ல் த கோல் 1921இல் கல்யாணம் ஆன கையோடு இங்கே தங்கினார் என்றும் சொல்வார்கள். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க ஓட்டல்’ என்று ஐரோப்பாவில் விற்கப்படும் எல்லா ஓட்டல்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் கையில் இருக்கும். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நாம் அறை எடுக்கிறோம். பெரிய மனிதர் புரண்ட மெத்தையில் நாமும் புரண்டோம் என்ற திருப்தி. அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் லுதேசியாவின் வரலாறு அந்தப் பட்டியலில் இல்லாதவர்களிடம்தான் இருக்கிறது.

நாடு கடந்தவர்களும் உளவாளிகளும்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மன் எழுத்தாளர்கள், கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள் பலர் பாரிசுக்கு ஓடி வந்தார்கள். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத கூட்டம். இவர்களை ஒன்றுசேர்த்து ஹிட்லருக்கு எதிராக ஒரு பொது அணி கட்ட முடியுமா என்று 1935, 36இல் முயன்றார்கள். வில்லி மூன்சன்பெர்க் ஏற்பாடு செய்தார், நாவலாசிரியர் ஹைன்ரிஷ் மான் தலைமை வகித்தார். 1936 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். கூடிய இடம் லுதேசியா. வரலாற்றில் அந்தக் குழுவுக்கே ‘லுதேசியா வட்டம்’ என்றுதான் பெயர். முயற்சி பலிக்கவில்லை. உள்சண்டையிலேயே கலைந்துபோனது.

நாலு வருடம் கழித்து, 1940 ஜூன் 14 அன்று, ஜெர்மன் ராணுவம் பாரிசுக்குள் வந்தது. வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று நல்ல ஓட்டல்களைக் கைப்பற்றியது. ராணுவ நிர்வாகம் மஜெஸ்திக்கில் உட்கார்ந்தது, பாரிஸ் நகரத் தளபதி மூரிஸில், விமானப்படை ரிட்ஸில். லுதேசியா ராணுவ உளவுத்துறையான அப்வேருக்குப் போனது.

ஏன் ஓட்டல்? சொகுசு ஒரு காரணம்தான். நடைமுறைக் காரணம் இன்னும் பெரியது. நூற்றுக்கணக்கான அறைகள், அறைக்கு அறை டெலிபோன், நாள் முழுக்க வெந்நீர், ஒரே நேரத்தில் பல நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்படி, துணி வெளுக்கும் ஏற்பாடு, இதையெல்லாம் நடத்தத் தெரிந்த ஊழியர்கள். ஒரு அரசாங்க இலாகா ராத்திரியோடு ராத்திரியாகக் குடிவந்து மறுநாள் காலை வேலையைத் தொடங்க இதைவிட வாகான கட்டடம் கிடைக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊழியர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானவர்கள் வேலை செய்தார்கள். படுக்கை விரித்தார்கள், காபி கொண்டு போனார்கள். விலையுயர்ந்த ஒயின் பாட்டில்களை நிலவறையில் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள், ஜெர்மானியர்கள் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. ஓட்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒயினை மட்டும் ஒளிக்க முடிந்தது என்பதையும் அதே கதை சொல்கிறது.

ஏனென்றால் சாலையைக் கடந்து கூப்பிடு தூரத்தில் ஷெர்ஷ்-மிதி சிறை இருந்தது. பழைய ராணுவச் சிறை. 1894இல் கேப்டன் டிரைஃபஸை அடைத்து வைத்த இடம். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியர்கள் அங்கே எதிர்ப்பு இயக்கத்தினரை அடைத்தார்கள். லண்டனிலிருந்து ரகசியமாக வந்து வலையமைப்பு கட்டிய கடற்படை அதிகாரி ஓனோரே தெஸ்தியென் தோர்வும் அங்கே அடைபட்டிருந்தார், 1941 ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேசை, மறுபக்கம் கல் கொட்டடி. நடுவில் ஒரே ஒரு சாலை. நான் பாரிஸ் போயிருந்தபோது இரண்டு இடத்துக்கும் நடுவே நடந்து பார்த்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவ்வளவுதான். சிறை இன்று இல்லை. அந்த இடத்தில் சமூக அறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று நிற்கிறது.

1945 ஏப்ரல்

பாரிஸ் 1944 ஆகஸ்ட் 25 அன்று விடுதலையானது. ஜெர்மனியில் போர் இன்னும் எட்டு மாதம் நடந்தது. அது முடியும் தறுவாயில் அங்கே சிக்கியிருந்த பிரெஞ்சு மக்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான போர்க் கைதிகள், கட்டாய உழைப்புக்குக் கொண்டுபோகப்பட்ட லட்சக்கணக்கானவர்கள். இவர்களுக்காக ரயில் நிலையங்களில் வரவேற்பு ஏற்பாடு தயாராக இருந்தது: கொடி, இசைக்குழு, சூப்.

வதைமுகாம்களிலிருந்து திரும்பியவர்களை இறக்கியபோதுதான் அந்த ஏற்பாடு போதாது என்று தெரிந்தது. நடக்க முடியாதவர்கள், கோடு போட்ட முகாம் உடையோடு வந்தவர்கள், டைஃபஸ் கண்டவர்கள், முப்பத்தைந்து நாற்பது கிலோ எடையுள்ள வளர்ந்த ஆண்கள். ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்து ஃபாரம் நிரப்பச் சொல்லி அனுப்பிவிட முடியாது. படுக்கை வேண்டும், வெந்நீர் வேண்டும், சமையல்கட்டு வேண்டும், டெலிபோன் வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில், உடனே வேண்டும்.

உளவுத்துறைக்கு எதனால் லுதேசியா வசதியாக இருந்ததோ, அதே காரணங்களால்தான் இப்போதும் லுதேசியா. த கோல் அரசு அதைத் திரும்பியவர்களுக்கான மையமாக்கியது. 1945 ஏப்ரல் 26 முதல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதற்குப் பதினேழு நாள் முன்னால், ஏப்ரல் 9 அன்று, அப்வேரின் முன்னாள் தலைவர் அட்மிரல் கனாரிஸ் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஹிட்லரே கொன்றார், சதிக்குத் துணைபோனார் என்று. பிரெஞ்சுக் கைதிகளும் இருந்த முகாம் அது. கனாரிஸின் ஆட்கள் நாலு வருடம் படுத்திருந்த கட்டில்களில் இப்போது முகாம்களிலிருந்து உயிரோடு வந்தவர்கள் படுத்தார்கள்.

வருபவர்கள் பாரிஸ் நகரப் பேருந்துகளில் வந்து இறங்குவார்கள். முதலில் பேன் ஒழிய உடம்பெல்லாம் டிடிடி பவுடர். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. அப்புறம் விசாரணை. விசாரணை எதற்கு என்று தோன்றும். நாஜிகளுக்கு வேலை செய்தவர்களும் திரும்பி வரும் கூட்டத்தில் கலந்து தப்பிக்கப் பார்த்தார்கள். அதனால் எந்த முகாம், எந்தத் தொகுதி, கூட யார் இருந்தார்கள் என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். வந்து நிற்பவர் விருந்தாளியா எதிரியா என்ற அந்தப் பழைய சந்தேகம் இங்கே நிஜமாகவே ஓட்டல் ரிசப்ஷனில் வந்து நின்றது. நிஜமான கைதிகளுக்கு அந்தக் கேள்விகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தாண்டினால் அடையாள அட்டை, கொஞ்சம் பணம், மாற்று உடை, ஒரு அறை. முகாமில் எண்ணாக இருந்தவர் ஓட்டல் ரிஜிஸ்டரில் பெயராக ஏறினார்.

சாப்பாடும் சுலபமில்லை. பாரிசில் ரொட்டிக்கே ரேஷன் இருந்த காலம். அங்கே இவர்களுக்கு நல்ல உணவு கொடுக்க ஏற்பாடானது. ஆனால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று வரும் கனமான உணவைத் தாங்காது. விடுவிக்கப்பட்ட முகாம்களில் அப்படிச் சாப்பிட்டே இறந்தவர்கள் உண்டு. அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. பசித்தவரிடம் ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய நிலை. தூக்கமும் அப்படித்தான். மெத்தை மிருதுவாக இருந்ததால் தூக்கம் வராமல் கீழே தரையில் படுத்ததாகத் திரும்பியவர்கள் பலர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். ஆடம்பர ஓட்டல் பெருமையாகக் காட்டும் முதல் பொருள் மெத்தை. அது இவர்களுக்கு ஆகவில்லை.

வாசலில் நின்றவர்கள்

உள்ளே இருந்தவர்களைவிட வெளியே நின்றவர்கள் அதிகம். கணவனை, மகளை, அப்பாவைத் தேடி வந்தவர்கள். ஏப்ரல் 29 அன்று பிரான்சில் நகராட்சித் தேர்தல். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்ட நாள் அது. அந்தத் தேர்தலுக்காக வைத்த விளம்பரப் பலகைகளில்தான் காணாமல் போனவர்களின் போட்டோக்களை ஒட்டினார்கள். பெயர், வயது, பிடிபட்ட தேதி, எந்த முகாம் என்று தெரிந்தால் அது, கீழே ஒரு முகவரி. பலகைகள் வாசலையும் சாலையோரத்தையும் நிறைத்தன.

ஓட்டலுக்குள் நுழையும் ஒவ்வொருவர் முகத்துக்கு நேரே போட்டோக்கள் நீளும். இவரைப் பார்த்தீர்களா? இவளைத் தெரியுமா? போட்டோவில் இருப்பது கல்யாண உடையில் சிரிக்கும் மனிதர், பள்ளிச் சீருடையில் கொழுகொழுவென்று ஒரு பையன். முகாமில் இருந்தவருக்கு அந்த முகம் எப்படித் தெரியும்? அவர் பார்த்தது மொட்டைத் தலைகளையும் எலும்பு துருத்திய கன்னங்களையும்தான். பக்கத்துப் பலகையில் படுத்தவனாகவே இருந்தாலும் அந்தப் போட்டோவில் அடையாளம் தெரியாது. தெரிந்தாலும் வாய் வராது.

பின்னாளில் பிரான்சின் புகழ்பெற்ற பாடகியான ஜூலியட் கிரெகோவுக்கு அப்போது பதினெட்டு வயது. ரேவன்ஸ்ப்ரூக் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட அம்மாவும் அக்காவும் அவருக்கு லுதேசியாவில் திரும்பக் கிடைத்தார்கள். அப்படியும் நடந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். திரும்பியவர்கள் சுமார் 2,500. நூறு போட்டோ ஒட்டினால் மூன்று பேர். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து பிடிபட்டவர்களில் பாதிக்கு மேல் திரும்பினார்கள். அதனால் ஒரே வாசலில் நின்ற இரண்டு குடும்பங்களுக்குக் காத்திருப்பு ஒரே மாதிரி முடியவில்லை. அப்போது யாருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. நாளைக்கு வரும் பேருந்தில் இருப்பார் என்று எல்லோரும் ஒரே நம்பிக்கையோடு நின்றார்கள்.

மையத்தை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் சபின் ஸ்லாத்தீன். போலந்தில் பிறந்த யூதப் பெண்மணி. போர்க் காலத்தில் லியோனுக்குக் கிழக்கே இஸியூ என்ற கிராமத்தில் யூதக் குழந்தைகளுக்காக ஒரு இல்லம் நடத்தியவர். 1944 ஏப்ரல் 6 அன்று, அவர் வெளியூர் போயிருந்த சமயம், லியோன் கெஸ்டபோவின் கிளாவுஸ் பார்பி ஆள் அனுப்பி அங்கிருந்த 44 குழந்தைகளையும் ஏழு பெரியவர்களையும் பிடித்துப் போனான். ஏழு பேரில் ஒருவர் சபினின் கணவர். ஒரு வருடம் கழித்து, அதே சபின்தான் லுதேசியாவில் அறை ஒதுக்கி, சாப்பாடு பார்த்து, திரும்பியவர்களைக் கவனித்தார். அவரும் காத்திருந்தார். 44 குழந்தைகளில் ஒருவரும் திரும்பவில்லை, கணவரும் திரும்பவில்லை. பெரியவர்களில் ஒரே ஒரு பெண் தப்பினார். 1987இல் பார்பியை லியோனில் கூண்டில் ஏற்றியபோது சபின் போய்ச் சாட்சி சொன்னார்.

லுதேசியாவின் விருந்தாளிகள் பட்டியலில் எனக்கு முதல் பெயர் இவர்தான்.

அறைகளுக்கு என்ன தெரியும்?

மையம் 1945 ஆகஸ்ட் வரை இயங்கியது. வந்து போனவர்கள் சுமார் 20,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்பின் ஓட்டல் மறுபடி ஓட்டலானது. கைமாறியது. 2014இல் மூடிப் பெரிய அளவில் புதுப்பித்து 2018இல் திறந்தார்கள். இப்போது 184 அறைகள். பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பழைய சுவரோவியத்தைப் பொறுமையாகச் சுரண்டி மீட்டிருக்கிறார்கள். மதுக்கூடத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு இரவு வாடகை ஆயிரம் யூரோவைத் தாண்டும். நான் தங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1945இல் முகாம்களிலிருந்து திரும்பியவர்களை இந்த ஓட்டல் வரவேற்றது என்கிறது. அவர்களுடைய சந்தோஷம், இங்கே வீணாகக் காத்திருந்த குடும்பங்களின் துக்கத்தை அழித்துவிட முடியவில்லை என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை எழுதத் தோன்றியவர்களை நான் மதிக்கிறேன். பெரும்பாலான நினைவுப் பலகைகள் முதல் பாதியோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அங்கே காசு கொடுத்துத் தங்குவது சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாகத் தங்கலாம் என்றேன். கட்டடத்தின் மேல் குற்றம் சுமத்த முடியாது, புண்ணியமும் ஏற்ற முடியாது. அதே அடுப்படி உளவு அதிகாரிகளுக்கும் சமைத்தது, முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கும் சமைத்தது. யார் சாவியை வைத்திருந்தார்கள் என்பதுதான் மாறியது. தயாராக இருக்கும் அறை, வெந்நீர், வரும் ஆளை உபசரிக்கத் தெரிந்த கை, இவையெல்லாம் ஒரு ஊரின் கையிருப்பு. சாதாரண நாளில் காசுள்ளவர்களுக்கு வாடகைக்குப் போகும். கெட்ட காலத்தில் பலமுள்ளவன் எடுத்துக்கொள்வான். 1945இல் ஒரு நாலு மாதம் மட்டும், அது தேவைப்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒத்தெல் என்ற சொல் தன் பழைய அர்த்தத்துக்குத் திரும்பியிருந்த நாலு மாதம்.

பாரிஸ் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஈஃபில் கோபுரம், லூவ்ர் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மெட்ரோவில் செவ்ர்-பாபிலோன் நிலையத்தில் இறங்கினால் எதிரே லுதேசியா. உள்ளே போக வேண்டுமென்பதில்லை, செலவும் இல்லை. பலகையைப் படித்துவிட்டு ஷெர்ஷ்-மிதி தெரு முனை வரை நடந்து பாருங்கள். அப்புறம் நடைபாதையில் கொஞ்சம் நில்லுங்கள். போட்டோக்களோடு அவர்கள் நின்ற இடம் அது.